நவம்பர் நோட்டு

நவம்பர் 2
மழை. மலை ரயில் ரத்து என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். எழுதவில்லை.

நவம்பர் 3
என் நர்ஸ் வேலையைப் பற்றி எழுதும் புத்தகத்தில் ஊசி அத்தியாயம் முடிந்தது. இதை மட்டும் ரசித்து எழுதினேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடி சிரிஞ்சைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். ஸ்டெரிலைசரில் கொதிக்கவிட்டு, இடுக்கியால் எடுத்து, ஊசி முனையைப் பஞ்சின் மேல் இழுத்துப் பார்ப்போம். இழை மாட்டினால் முனை மடங்கியிருக்கிறது. கல்லில் தீட்டி மறுபடி கொதிக்க வைக்கணும். பெரியவன் போனில், "இதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றான். நீ படிக்க வேண்டாம்ப்பா, டைப் அடிக்கக் காசு கொடு.

நவம்பர் 5
கீழே போய் வந்தேன். பர்லியாறு தாண்டி ஸ்வெட்டரைக் கழற்றினால்தான் எனக்குக் கோயம்புத்தூர் கிளம்பின மாதிரி. காந்திபுரத்தில் இறங்கி டிடிபி கடை. அந்தப் பெண் என் கையெழுத்தோடு மல்லுக்கட்டுகிறாள். டாக்டர்கள் எழுதியதைப் படித்துப் படித்து என் எழுத்தும் கெட்டிருக்கும். பிறகு ஒப்பணக்கார வீதி, மருமகளுக்குப் புடவை. கூட்டத்தில் நடக்க எனக்குப் பிடிக்கும், யாரும் "சிஸ்டர்" என்று நிறுத்தி முட்டிவலி சொல்ல மாட்டார்கள்.

கண் டாக்டர் இடது கண்ணில் புரை முற்றிவிட்டது என்றார். 18-ம் தேதி ஆபரேஷன். அங்கிருந்த நர்ஸ் பெண், "பயமா இருக்கா பாட்டி?" என்கிறாள். என்னையா கேட்கிறாள்! பி.பி. பட்டையைத் தளர்வாகச் சுற்றினாள். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6
அந்தப் பையனை எழுதலாமா, வேண்டாமா.

நவம்பர் 8
1987. பத்து வயசு. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். நாய் கடித்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. கணுக்காலில் சின்னக் காயம்தான், சுண்ணாம்பு வைத்து விட்டுவிட்டார்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே ஊசிக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பான். 1907-லிருந்து பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இந்தக் குன்னூரில்தான் இருக்கிறது, சிம்ஸ் பார்க் எதிரே. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நாய்க்கடிக்கு மலையேறி வந்தார்கள். நாலு மைல் தள்ளி இருந்தவன் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றும் தெரியும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, வயிறு தடித்துப் போய்த் தொட்டாலே துடிக்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. பதினாலு நாளும் யார் கூட்டி வருவது? இப்போது கையில் போடுகிறார்கள், நாலு தடவை போனால் முடிந்தது.

தாகம் என்று அவனேதான் கேட்டான். டம்ளரைக் கிட்டே கொண்டுபோனதும் தொண்டை இழுத்துக்கொண்டது. காற்று பட்டாலும் அப்படியே. ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினோம். நடுநடுவே தெளிவாகப் பேசினான், வாத்தியாரிடம் லீவு சொல்லச் சொன்னான். இந்த வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டாக்டர் அவன் அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "இப்பப் போடுங்க சார், பதினாலையும் ஒண்ணாப் போடுங்க" என்றாள்.

எழுதினால் நாலு பேருக்குப் புத்தி வரும். ஆனால் அவள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறாள்.

நவம்பர் 10
2009-ல் இதே நாள். ராத்திரியெல்லாம் கொட்டி, விடிந்தபோது கேத்திப் பக்கமும் குன்னூர்ப் பக்கமும் வீடுகள் மண்ணுக்குள். மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். பாதை அறுந்து காலை டியூட்டிக்கு ஆள் வரவில்லை, நைட் பார்த்தவர்களே தொடர்ந்தோம். கொண்டு வந்தவர்களின் காதிலும் நகக்கண்ணிலும் செம்மண். வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

என் வீட்டுக்குப் பின்னாலும் மேடு. கீழே வந்துவிடு என்று பெரியவன் சொல்வது அதனால்தான். இந்தக் குளிர் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது அவனுக்குக் காரணமாகவே படவில்லை.

நவம்பர் 11
வாசலில் காட்டெருமை, குட்டியோடு. ஒன்பதரை வரை பூட்டிய கதவுக்குள். வர்க்கியும் டீயும்.

நவம்பர் 13
மார்க்கெட்டில் மேரக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவளே பக்கத்தில் வந்து நின்றாள். "சிஸ்டர், புத்தகம் எழுதறீங்களாமே. எம் புள்ள வருவானா அதுல?"

எனக்கு வாய் வரவில்லை.

"பேரைப் போட்டுருங்க சிஸ்டர். ரேஷன் கார்டுல அடிச்சதோட சரி, அப்புறம் அவன் பேரு எங்கயும் இல்ல." கொஞ்சம் நடந்து போய்த் திரும்பி வந்தாள். "சுண்ணாம்பு வெச்சத மட்டும் எழுதாதீங்க. வெச்சது எங்க மாமியா. செத்துப் போச்சு, பாவம்."

நவம்பர் 14
சுண்ணாம்பு இல்லாமல் அந்த அத்தியாயம் எதற்கு?

நவம்பர் 15
பேர் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், தனிப் பக்கத்தில். அதற்குக் கீழே ஓடவில்லை. சுண்ணாம்பை "யாரோ வைத்தார்கள்" என்று போட்டால்? ஊரில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். போடாமல் விட்டால் நாளைக்கு இன்னொருத்தி வைப்பாள்.

நவம்பர் 16
கண்ணுக்குச் சொட்டு மருந்து ஆரம்பம். மலைப்பாதையில் மரப்பாலம் என்கிற இடத்தில் மண் விழுந்து ஒரு பக்கமாகத்தான் வண்டி விடுகிறார்களாம். பெரியவன் கார் கொண்டு வருகிறேன் என்கிறான், மலையேற இ-பாஸ் எடுத்தானோ இல்லையோ. டிடிபி பெண் போன் செய்து அடுத்த அத்தியாயம் கேட்டாள். 2009 மழையை முதலில் அடி என்றேன்.