சித்திரை வருசமும் மெட்டாலிக்காவும்

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்காவின் '72 சீசன்ஸ்' அல்பம் வெளியான 2023 ஏப்ரல் 14 எங்களுக்குச் சித்திரை வருசம். கைவிசேஷம் வாங்கின கையோடு பெடியள் இயர்போனை மாட்டிவிட்டார்கள். 12 பாட்டு, 77 நிமிடம். "நீளம் கூடிப்போச்சு மச்சான், வெட்டியிருக்கலாம்" என்பதுதான் முதல் முறைப்பாடு. சரி, அது உண்மைதான். நடுவில் சில பாட்டுகள் ஒரே மாதிரி ஓடுகின்றன. குழுவின் கிட்டார்காரர் கேர்க் ஹம்மெட்டின் வா-வா பெடலுக்கும் (கிட்டார் சத்தத்தை 'வா-வா' என்று இழுக்கவைக்கும் கால்மிதி) வழக்கமான திட்டு விழுந்தது.

ஆனால் கடைசிப் பாட்டு 'இனமோராட்டா', 11 நிமிடத்துக்கு மேல், அவர்களின் பாட்டுகளிலேயே நீளமானது. அதை ஒருத்தரும் வெட்டச் சொல்லவில்லை! இடையில் கிட்டார்கள் அடங்கி குழுவின் ட்ருஹியோ வாசிக்கும் பேஸ் கிட்டார் முன்னுக்கு வரும் இடத்தில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலித் தேத்தண்ணிக் கடையில் ஒருத்தன் கடித்த வாய்ப்பனை மெல்லாமலே இருந்தான்.

எண்பதுகளோடு மெட்டாலிக்கா முடிந்தது என்று நிற்கும் அண்ணைமாருக்கு மட்டும் திருப்தியில்லை. அவைக்கு என்ன போட்டாலும் வராது.