ஊரை விட்டுக் கிளம்பும் முன்

வெளிநாட்டுக் கிராமம் ஒன்று நம்மைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டால், அங்கிருந்து கிளம்ப டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே மனசு கனக்க ஆரம்பித்துவிடும். இந்த நாட்களில் பலர் ஆட்களைப் பார்க்காமல் ஒதுங்குவார்கள், அல்லது ஒன்றுமில்லாததற்குக் கோபப்படுவார்கள். கோபத்தோடு போனால் பிரிவு வலிக்காது என்று மனம் போடும் தப்புக்கணக்கு அது. வலி போகாது, ஊரோடு மனத்தாங்கலும் மிஞ்சும்.

நாடு மாறும் குடும்பங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய டேவிட் பொல்லாக், கிளம்புமுன் நான்கு காரியங்களை முடிக்கச் சொன்னார்: மனக்கசப்பைத் தீர்ப்பது, நன்றி சொல்வது, விடைபெறுவது, போகும் இடத்தைப் பற்றி யோசிப்பது. முதல் காரியத்துக்குத்தான் நாள் பிடிக்கும். ஆறு வாரமாவது கையில் இருக்கட்டும்.

கிளம்பும் செய்தியை முதலில் வீடு கொடுத்தவரிடம் சொல்லுங்கள், பிறகு கூட வேலை செய்கிறவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும். இரண்டே நாளில் சொல்லி முடித்துவிட வேண்டும். கிராமத்தில் செய்தி நமக்கு முன்னால் ஓடும். நெருக்கமானவர் அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டால் அந்த வருத்தம் லேசில் ஆறாது. நன்றியையும் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஒட்டாது. "காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி வந்து கதவைத் தட்டிப் பார்த்தீங்களே" என்று நடந்ததைச் சொன்னால்தான் போய்ச் சேரும்.

அதிகம் சிக்கல் வருவது சாமான்களைக் கொடுப்பதில். சைக்கிள், அடுப்பு, மெத்தை எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் கண் வைத்திருப்பார்கள். நாம் கிளம்பிய பிறகு, "எனக்குத்தான் தருவதாகச் சொன்னார்" என்ற சண்டை ஊருக்குள் கிடக்கும். எது யாருக்கு என்று எழுதி, ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவரிடம் காட்டிவிட்டு, பெரிய சாமான்களை நாமே கொண்டுபோய்க் கையில் கொடுப்பது நல்லது. கடைசி நாளில் வாசலில் குவித்து வைப்பதுபோல் மோசமான வழி வேறில்லை. இரவல் வாங்கிய ஏணியும் சாவியும் அதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும்.

படம் எல்லோரும் எடுப்பார்கள். சத்தத்தைப் பிடித்து வைப்பவர்கள் குறைவு. விடியற்காலையில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். கையில் பிடித்தால் விரல் உரசும் சத்தம் விழும். காற்று அடித்தால் மைக்கில் இரைச்சல்தான் நிற்கும், சுவரோரம் நகர்த்தி வையுங்கள். பெரியவர்கள் பேச்சைப் பதிவதானால் முதலில் சம்மதம் கேளுங்கள். ஊராருக்குப் படம் தருவதானால் அச்சடித்துக் கொடுங்கள். போன் கெட்டால் அதிலிருப்பதும் போகும், சுவரில் மாட்டியது நிற்கும்.

பழைய சிம் செயலிழக்கும் முன் வங்கிக் கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓடிபி வராமல் பணம் முடங்கும். வாட்ஸ்அப்பிலும் எண் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் கிடந்தால் பொதுவாக அழிக்கப்பட்டுவிடும்.

"சீக்கிரம் திரும்பி வருவேன்" என்று சும்மா சொல்லாதீர்கள், குழந்தைகள் நம்பிக் காத்திருப்பார்கள். மாதம் ஒரு முறை பேச முடியுமென்றால் அதை மட்டும் சொல்லுங்கள்.

வழியனுப்பு விருந்தைக் கடைசி இரவில் வைக்காமல் இரண்டு நாள் முன்னதாக வையுங்கள். பெட்டியையும் அதற்குள் கட்டி முடித்துவிடுங்கள். கடைசி நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களோடு உட்கார நேரம் வேண்டும்.