கிளீனர் சைடு லோயர் ஆர்ம்

சென்ற மாதம் எங்கள் ஸ்விஃப்ட் கார் பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில், முன்சக்கரம் ஒன்று கழற்றப்பட்டு, மூன்று நாட்கள் ஜாக்கியின் மேல் நின்றது. பழுது பெரியதன்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்புறத்தில் 'டக் டக்' என்று ஓசை கேட்டது. மெக்கானிக் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, "பால் ஜாயின்ட் போயிருச்சுங்கண்ணா, கிளீனர் சைடு லோயர் ஆர்மையே மாத்திப்போடலாம்" என்றார். சாமான் கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. அது மூன்று நாளாக நீண்டதற்குப் பட்டறை காரணமில்லை. உதிரிபாகம் விற்ற கடைதான் காரணம்.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கை. அதன் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்து, ஒரு நாள் கழன்றுவிட்டால், ஓடும் வண்டியின் சக்கரம் மடங்கிவிடும். என் மனைவி வால்பாறையில் ஆசிரியராகப் பணிபுரிகிறார். ஆழியாற்றைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளை வாரந்தோறும் ஏறி இறங்கும் வண்டி இது. 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடக்கூடிய பழுதாக இதை நான் நினைக்கவில்லை.

நாங்கள் வழக்கமாக வாங்கும் உள்ளூர் ஸ்பேர்ஸ் கடை, வீட்டு விசேஷத்திற்காக இரண்டு நாட்கள் பூட்டியிருந்தது. ஆகவே பேருந்தில் ஏறி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பயணம் செய்து கோவை உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்து பிடித்து, பல ஊர்களில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு பெரிய உதிரிபாகக் கடைக்குப் போனேன். அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. போலிச் சாமான்கள் அசல் நிறுவனத்தின் அட்டைப்பெட்டியிலேயே வந்துவிடும் காலம் இது. முறையான ரசீதும், அச்சிட்ட விலையும், பொறுப்பேற்க ஒரு நிறுவனமும் இருக்கும் இடத்தில் வாங்கினால் ஏமாற வேண்டியிருக்காது என்று நம்பினேன். வாகன உதிரிபாகங்களில் பலவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைப்பு ரசீதில் தெளிவாகத் தெரியும் என்பதும் என்னை இழுத்த காரணங்களுள் ஒன்று.

கல்லாவுக்கு அருகில் கணினியின் முன் நின்றிருந்த இளைஞருக்கு இருபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டுதான் இருக்கும். "கிளீனர் சைடு லோயர் ஆர்ம் வேணுங்க தம்பி" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்லும் சங்ககிரியும் இருக்கும் கொங்கு நாட்டில், வண்டியின் இடப்புறத்தை 'கிளீனர் சைடு' என்றும் வலப்புறத்தை 'டிரைவர் சைடு' என்றும் சொல்லாத பட்டறை கிடையாது. இடப்புறம் என்று விளக்கியதும் கணினியில் தட்டினார். வண்டியின் பெயரைக் கேட்டார்; ஆண்டைக் கேட்டார். 2011 என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்து உள்ளேயிருந்து பெட்டியை எடுத்து வந்தார். பணம் வாங்குவதற்கு முன்னர், இருக்கை உறை, தரை விரிப்பு, வாசனைப் புட்டி ஆகிய மூன்றைப் பற்றியும் மறவாமல் கேட்டார். லோயர் ஆர்மின் விலை 1,840 ரூபாய்.

அவர் கேட்காமல் விட்ட கேள்வியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கல் முழுவதும் அதிலேயே இருக்கிறது. ஸ்விஃப்ட் நம் நாட்டில் 2005இல் விற்பனைக்கு வந்தது. அதன் இரண்டாம் தலைமுறை வண்டி 2011 ஆகஸ்டில் வந்தது. ஆக, 2011ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட் என்பது ஒரு வண்டியன்று, இரண்டு வண்டிகள். பட்டறைகளில் அவற்றை 'பழைய ஸ்விஃப்ட்', 'புது ஸ்விஃப்ட்' என்று பிரித்தே பேசுவார்கள். எங்களுடையது அந்த ஆண்டு ஜூனில் உற்பத்தியாகி, செப்டம்பரில் பதிவான பழைய ஸ்விஃப்ட். உற்பத்தியான மாதம் ஆர்.சி.யில் தெளிவாக இருக்கிறது, அந்த ஆர்.சி. என் சட்டைப் பையிலும் இருந்தது. அதைக் காட்டச் சொல்லியிருந்தால் காட்டியிருப்பேன். சாஸி எண்ணைக் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்த அடையாளத்தில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்ப்பதில்லை. ஒன்று, சுழியம் ஆகிய எண்களோடு அவை குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. எந்த வண்டிக்கு எந்தச் சாமான் என்ற ஐயம் எழக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனமாக அமைத்த ஓர் எண்ணை, சாமான் விற்பதற்கென்றே இருக்கும் கடை கேட்காமல் விட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மாலையில் பட்டறைக்குத் திரும்பி ஆர்மைப் பொருத்தினோம். போல்ட் துளைகள் சேரவில்லை. மெக்கானிக் பழையதையும் புதியதையும் அருகருகே தரையில் வைத்தார். வளைவே வேறாக இருந்தது.

மறுநாள் காலை மீண்டும் உக்கடம். அதே இளைஞர், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "போல்ட் போட்ட தழும்பு இருக்குதுங்க சார், பொருத்திப் பார்த்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டாங்க" என்று வருத்தத்தோடு சொன்னார். பொருத்திப் பார்க்காமல் பொருந்தவில்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவரிடம் விடையில்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. மேலாளர் வந்தார். தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றும், அதற்கு ஐந்து வேலை நாட்கள் ஆகும் என்றும், அனுமதி கிடைத்தாலும் பணமாகத் தர இயலாது, அதே தொகைக்கு வேறு பொருள் வாங்கிக்கொள்ளச் சீட்டுத்தான் தருவார்கள் என்றும் சொன்னார். பழைய ஸ்விஃப்ட்டுக்கான ஆர்மையாவது கொடுங்கள் என்று கேட்டேன், இருப்பில் இல்லை. அவர் கொடுத்த சேவை எண்ணைக் கூப்பிட்டால், இந்தியில் பேச ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்தில் பேச இரண்டை அழுத்தவும் என்று ஒரு குரல் சொன்னது. கோவையில் கடை நடத்தி, கொங்குக்காரர்களிடம் பணம் வாங்கும் நிறுவனம், அவர்களுடைய குறையைத் தமிழில் கேட்க ஓர் எண்ணைக்கூட ஒதுக்காதது எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது. என்னால் ஆங்கிலத்தில் சமாளிக்க முடிந்தது. எங்கள் மெக்கானிக் போன்றவர்கள் அந்த இடத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

மூன்றாம் நாள் உள்ளூர்க் கடை திறந்தது. நான் வாய் திறப்பதற்குள் அங்கிருந்த பெரியவர், "பழைய சாமானக் கொண்டாந்தீங்களா தம்பி?" என்றார். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்த ஆர்மை மேசைமேல் வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்து, புஷ்ஷின் விட்டத்தை வெர்னியர் என்ற அளவுகருவியால் அளந்து, சாஸி எண்ணைக் கேட்டு, தம் நீண்ட நோட்டில் அதை எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே சென்று எடுத்து வந்த புதிய ஆர்மைப் பழையதன் மேல் வைத்து, துளைக்குத் துளை சரியாக இருக்கிறதா என்று என் கண்ணெதிரே காட்டினார். மாற்றிய பின்னர் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும் என்பதையும் அவரே சொன்னார். இவ்வளவுக்கும் பத்து நிமிடங்கள்தாம் ஆயின. கேட்டதும் ரசீதும் கொடுத்தார். விலையிலும் சொல்லத்தக்க வேறுபாடில்லை.

ஜி.டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் தம்முடைய முதல் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தே கற்றவர் அவர். அந்தப் பழக்கம் இந்தப் பகுதியின் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் ஸ்பேர்ஸ் கடைகளிலும் இன்றும் இருக்கிறது. அந்தப் பெரியவரின் கையில் இருந்த வெர்னியர் அதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். தொடர் கடையின் இளைஞருக்கு இது வராது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வேலையில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகின்றன என்று அவரே சொன்னார். அவரை ஒரு மாதம் ஏதேனும் ஒரு பட்டறையில் நிற்கவைத்திருந்தால் கிளீனர் சைடு எது என்பது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக வாசனைப் புட்டி விற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தவறு கற்றுக்கொடுத்தவர்களுடையது.

பணத்தை நான் விடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. எனக்கு விற்ற ஆர்ம் உடைந்ததோ வெடித்ததோ அன்று. அது வேறொரு வண்டிக்கு நல்ல சாமான். ஆகவே 'பொருளில் குறையில்லை' என்று கடை வாதிடக்கூடும் என்பதை உணர்ந்து, என் புகாரைச் சேவைக் குறைபாடு என்றே எழுதினேன்: வண்டியின் பெயரையும் ஆண்டையும் பெற்றுக்கொண்டு, இதுதான் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தது கடையே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்தேன். அதற்கும் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாம்; வாங்கிய ஊரில்தான் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலும் வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணமும் கிடையாது. என் வழக்கு அதுவரை போகவில்லை. புகார் கொடுத்த பன்னிரண்டாம் நாள் 1,840 ரூபாய் என் வங்கிக் கணக்குக்கு வந்தது.

மெக்கானிக்குடைய பட்டறையில் இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம். எங்கள் வண்டி அந்த இடத்தில் பாதியை மூன்று நாட்கள் அடைத்துக்கொண்டதால் அவர் திருப்பி அனுப்பிய வேலைகளுக்கு யாரும் ஈடு தரவில்லை. நான் கூடுதலாகக் கொடுத்ததை, "இருக்கட்டுங்கண்ணா, உங்க மேல என்ன தப்பு?" என்று முதலில் வாங்க மறுத்து, வற்புறுத்திய பிறகே வாங்கிக்கொண்டார்.

கடையின் தலைமை அலுவலகத்துக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதினேன். ஆண்டின் நடுவில் மாடல் மாறிய வண்டிகளுக்கு உற்பத்தி மாதத்தையோ சாஸி எண்ணையோ கேட்காமல் கணினி அடுத்த திரைக்குப் போகாதபடி செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேன். சேவை எண்ணில் தமிழையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

2026 செப்டம்பரில் வண்டிக்கு 15 ஆண்டுகள் நிறைவடைவதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் டிரைவர் சைடு ஆர்மையும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பெரியவரிடம் தொலைபேசியில் சொன்னேன். சாஸி எண்ணைப் படித்துக் காட்டத் தொடங்கியபோது, "நோட்டுல இருக்குதுங்க தம்பி, வரும்போது பழைய சாமான மட்டும் கழட்டிக் கொண்டாங்க" என்றார்.