கோர்ஃபுவை முழுதாகச் சுற்றவில்லை

கிரேக்கத்தில் பாய்மரப் படகு எடுத்துச் சுற்றலாம் என்று பேச்சு வந்தாலே எல்லாரும் கைகாட்டுவது சாண்டோரினி, மிக்கனோஸ் இருக்கிற ஏஜியன் கடல் பக்கம்தான். படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்றொரு வடக்கத்திக் காற்று அடிக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்று மட்டும் நாள்கணக்கில் விடாமல் வீசும். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6, 7 எல்லாம் அதற்குச் சர்வசாதாரணம். நானும் மனைவியும் இங்கிலாந்தில் பயிற்சி எடுத்தவர்கள், அவ்வளவுதான். கூட வருவதாகச் சொன்ன நண்பர் தம்பதிக்கும், சென்னையிலிருந்து வரவிருந்த நண்பரின் அக்காவுக்கும் படகு அனுபவம் முட்டுக்காட்டோடு சரி. அவர்களை மெல்டெமியில் கொண்டுபோய் நிறுத்தினால் ஆயுசுக்கும் என்னோடு பேச மாட்டார்கள்.

அதனால் நாட்டின் மறுபக்கம், அயோனியன் கடல். அங்கே கோடையில் வீசுவது மைஸ்ட்ரோ. வடமேற்குக் காற்று. காலையில் கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும், மதியவாக்கில் காற்று எழும்பும், நாலரை ஐந்து மணிக்கு உச்சத்துக்கு வரும், பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். பெரும்பாலும் பியூஃபோர்ட் அளவில் 3 முதல் 5 வரை. இதை நம்பி ஒரு நாளைத் திட்டமிடலாம். கோர்ஃபு தீவு என்று முடிவானது அப்படித்தான்.

மாதம் ஜூன். செப்டம்பரில் தண்ணீர் இன்னும் இதமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இடிமழை தொடங்குகிற காலமும் அதுவே. 2020 செப்டம்பரில் இயானோஸ் என்ற மத்தியதரைக் கடல் சூறாவளி இதே கடலின் கெஃபலோனியா, இத்தாக்கா தீவுகள் பக்கம் அடித்ததில் படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. எல்லா வருஷமும் அப்படி நடக்காது. ஆனாலும் ஜூனில் பகல் நீளம், வாடகையும் குறைவு.

அடுத்தது உரிமம். கேப்டன் இல்லாமல் வெறும் படகை மட்டும் கிரேக்கத்தில் வாடகைக்கு எடுக்க, ஓட்டுகிறவருக்கு ஏற்கத்தக்க சான்றிதழ் வேண்டும். பிரிட்டனில் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டும் செய்முறைப் பயிற்சி முடித்தவர்கள் அதை வைத்து ஐசிசி என்ற சர்வதேசச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கிரேக்கத்தில் கேட்பது அதைத்தான். பலருக்குத் தெரியாதது, இரண்டாவதாக ஒரு ஆளும் கணக்கில் வர வேண்டும் என்பது. தனக்குப் படகைக் கையாளத் தெரியும் என்று அவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்களில் அது என் மனைவி. சும்மா ஒரு கையெழுத்துதானே என்று யாரையாவது போட வைக்காதீர்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் படகைக் கரை சேர்க்கப் போவது அந்தக் கையெழுத்துதான்.

உரிமம் இல்லாதவர்கள் படகை ஓட்ட ஸ்கிப்பர் ஒருவரை நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். அவருக்கு ஒரு அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. முதல் தடவை போகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வாடகைத் தொகையில் கண்ணை வைக்காதீர்கள். அதற்குக் கீழே உள்ளவைதான் விஷயம். கடைசி நாள் சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பு, சின்ன ரப்பர் படகுக்கான மோட்டார் எல்லாம் தனித்தனியாக ஏறும். முன்வைப்புத் தொகை எங்களுக்கு 2000 யூரோ, கிரெடிட் கார்டில் பிடித்துவைத்தார்கள். கட்டினால் திரும்பி வராத ஒரு சிறு தொகைக்கு அதைக் காப்பீடு செய்துகொள்ளும் வழியும் இருந்தது, அதைத்தான் எடுத்தோம். நங்கூரமும் ரப்பர் படகும் காப்பீட்டில் சேருமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தொலைவதும் கிழிவதும் அவைதான்.

அக்காவின் ஷெங்கன் விசாவுக்குத்தான் அதிக நாள் ஓடியது. முப்பதாயிரம் யூரோ மருத்துவக் காப்பீடு, பயணச்சீட்டு எல்லாம் வழக்கம்போல. 'எங்கே தங்குவீர்கள்' என்ற இடத்தில்தான் சிக்கல். தினம் ஒரு குடாவில் நங்கூரம் போடப் போகிற படகுக்கு ஏது விலாசம்? படகு ஒப்பந்தம், அக்காவின் பாஸ்போர்ட் எண்ணோடு பயணிகள் பட்டியல், படகு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம், வந்திறங்கும் இரவுக்குக் கோர்ஃபு ஊரில் ஹோட்டல் முன்பதிவு, கூடவே நாள்வாரியாக ஊர்ப்பெயர்கள் போட்ட ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம். விசா வந்துவிட்டது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

விசா கைக்கு வந்த அன்று அக்கா போனில் கேட்டது ஒன்றே ஒன்று.

"தம்பி, ராத்திரி நாம தூங்கும்போது படகு எங்கேயும் போயிடாதே?"

"போகும்க்கா. நங்கூரத்தைச் சுத்தி மட்டும்."

பதிலே வரவில்லை.

இனி வழித்தடம். எல்லாருக்கும் ஆசை, தீவை ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும் என்று. தூரம் நூறு கடல் மைலை ஒட்டித்தான் வரும். மணிக்கு ஐந்து மைல் போனால் இருபது மணி நேரம்; ஒரு வாரத்துக்குத் தாராளம். இப்படித்தான் கணக்கு ஆளை ஏமாற்றும். வரைபடத்தை எடுத்து மேற்குக் கரையைப் பாருங்கள். மைஸ்ட்ரோவும் அது கிளப்பும் அலையும் நேராக அந்தக் கரையில்தான் வந்து மோதும். பாய் கிழிந்தோ எஞ்சின் நின்றோ போனால் காற்று உங்களைப் பாறையை நோக்கித் தள்ளும். பாலியோகாஸ்ட்ரிட்சா பக்கத்தில் ஒரு சிறு துறைமுகம் உண்டு. அதைத் தாண்டித் தெற்கே போனால் தீவின் முனைவரை நம்பி ஒதுங்க இடமில்லை. பழகிய ஐந்து பேர் என்றால் நல்ல வானிலையில் விடியற்காலையில் கிளம்பிக் கடந்துவிடலாம். எங்களில் இரண்டு பேருக்குத்தான் கயிறு பிடிக்கத் தெரியும். ஆகவே மேற்குக் கரையை விட்டுவிட்டு, கிழக்குக் கரையும் தெற்கே பாக்சோஸ் தீவும் போதும் என்று வைத்துக்கொண்டேன். நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "சுத்தவே இல்லன்னா அப்புறம் எப்படிடா சுத்துலா?" என்றார்.

வழித்தடத்தை முதல் நாளிலிருந்து போடாதீர்கள்; கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். சனிக்கிழமை மாலை படகு கைக்கு வரும், அடுத்த வெள்ளி மாலைக்குள் கோர்ஃபுவின் படகுத்துறையான கூவியா மெரினாவில் திரும்பக் கட்டியாக வேண்டும், சனி காலை ஒன்பதுக்கு இறங்கிவிட வேண்டும். வெள்ளி மதியத்துக்கு மேல் டீசல் பம்பில் வரிசை நிற்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கே போகும்போது மைஸ்ட்ரோ முதுகில் தள்ளும், சுகம். திரும்பும்போது அதே காற்று முகத்தில். அதனால் புதன்கிழமைக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவும் போய்விட்டு, திரும்புகிற இரண்டு நாளும் விடிந்ததும் கிளம்பி, காற்று எழும்புமுன் எஞ்சினில் பாதித் தூரத்தை முடிப்பது என்று திட்டம். பாய் விரிக்காமல் எஞ்சினில் போவது கேவலம் என்று சொல்கிற சுத்த சைவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சனிக்கிழமை விமானம் பிடிக்க வேண்டியில்லாதவர்கள்.

இந்தக் கணக்குப்படி வந்தது: ஞாயிறு வடகிழக்கே அக்னி குடா, திங்கள் தெற்கே பெட்ரிட்டி, செவ்வாய் பாக்சோஸின் வடமுனையில் லாக்கா, புதன் அன்டிபாக்சோஸ் போய்க் குளித்துவிட்டு இரவுக்குக் காயோஸ், வியாழன் கிரேக்கப் பெருநிலப்பக்கம் சிவோட்டா, வெள்ளி வீடு. லாக்காவுக்கு மாற்றாக ஒரு இடம் கையில் வைத்திருந்தோம். லாக்கா வடக்கே வாய் திறந்த குடா, வடக்குக் காற்று பலமானால் இரவு தூக்கம் போய்விடும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் அதில் அடக்கம். அக்காவின் நெய் பாட்டில் சென்னையிலேயே தங்கிவிட்டது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி வந்தன. படகில் இரண்டு அடுப்பு, அலையில் பாத்திரம் சரியாமல் அடுப்பே ஆடிக்கொடுக்கும். தண்ணீர்த் தொட்டி ஐந்து பேருக்கு இரண்டு மூன்று நாளுக்குத்தான் தாங்கும். கழுவப் பாத்திரம் குறைவாக விழும் சமையலாகப் பாருங்கள். எங்களுக்கு ஒரு வாரமும் காலையில் ரொட்டி, மதியம் புளிச்சோறு, இரவு கரையில் மீன்.

படகைக் கையில் வாங்கும் நேரம் அவசரப்படக் கூடாது. கூவியாவில் பதினெட்டாம் நூற்றாண்டு வெனிசியர்களின் கப்பல் கட்டுமிடம் கூரை போய் வளைவுகளோடு நிற்கிறது; மற்றவர்கள் அதைப் பார்க்கப் போக, நானும் மனைவியும் படகைத் தலைமுதல் கால்வரை செல்போனில் படம் பிடித்தோம். ஏற்கனவே உள்ள கீறல்கள், ரப்பர் படகின் ஒட்டுகள், பாயின் தையல். நங்கூரத்தை இறக்கி ஏற்றிப் பார்த்தோம், சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு என்ன நிற அடையாளம் என்று குறித்தோம். நங்கூர மோட்டாரின் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்தது காயோஸில் கைகொடுத்தது. கழிப்பறை விதி எல்லாருக்கும் ஒருமுறை: வாயில் மென்று விழுங்கியது தவிர வேறெதுவும் அதற்குள் போகக் கூடாது, காகிதம் உட்பட.

இங்கிலாந்தின் தென்கடலில் கற்றவர்களுக்கு ஒன்று. அங்கே பயிற்சியில் பாதி, கடல் ஏறி வற்றுகிற ஓதத்தின் கணக்கு. அயோனியனில் நீர்மட்டம் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியாது, அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. மாறாக, இங்கே தினமும் செய்ய வேண்டியது அங்கே யாரும் சொல்லித்தராத ஒன்று. கரையிலிருந்து மூன்று நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்பக்கமாக வந்து, படகின் பின்பக்கமான அமரத்தைக் கரையில் கட்டுவது. காற்று வருகிற பக்கத்துக் கயிறுதான் முதலில் கரைக்குப் போக வேண்டும். இதை ஞாயிறு காலை, கூட்டமில்லாத இடத்தில் வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பழகினோம். முன்பக்கமான அணியத்தில் நிற்பவருக்கும் சக்கரம் பிடிப்பவருக்கும் கைச்சைகைதான். கத்திப் பேசினால் எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது, மீதி சண்டையாகத்தான் விழும். குடாக்களில் நங்கூரம் போடும்போது கடற்புல் மேல் போடாதீர்கள். பிடிக்காது, புல்லும் நாசம். தண்ணீர் வெளிறித் தெரிகிற மணல் திட்டாகப் பாருங்கள்.

அக்னியில் உணவகங்களே சிறு மரத்துறை வைத்திருக்கின்றன. அங்கே சாப்பிட்டால் இரவு படகைக் கட்டிக்கொள்ள காசு கேட்பதில்லை. எதிரே அல்பேனியா, நடுவிலுள்ள நீரிணையின் குறுகலான இடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். 1946 அக்டோபரில் இந்த நீரிணையில்தான் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் மாட்டி 44 பேர் இறந்தார்கள். சர்வதேச நீதிமன்றத்தின் முதல் வழக்கே அதுதான். இன்றைக்கு அந்தக் கரையால் வருகிற ஆபத்து வேறு. போன் அல்பேனியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் எகிறும், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஏழு மணிக்கு வைத்த அலாரம் எட்டுக்கு அடிக்கும். போனில் நேரமும் நெட்வொர்க்கும் தானாக மாறாதபடி அமைத்துவையுங்கள். கிட்டத்தில்தானே இருக்கிறது என்று அந்தப் பக்கம் படகைத் திருப்பவும் கூடாது. அது வேறு நாடு, வெளியேறும் தாள்களும் படகு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

காயோஸில் நங்கூரம் ஏற்றும்போது பக்கத்துப் படகின் சங்கிலியும் கூடவே வந்தது. மோட்டார் திணறி ஃபியூஸ் போனது. அதை மீட்டுப் போட்டு, ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, எங்கள் நங்கூரத்தைச் சற்று இறக்கினால் தானாகக் கழன்றுவிடும். கழன்றது. அதற்குள் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

வெள்ளி மதியம் கூவியாவில் டீசலுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். மெரினாவின் முக்குளிப்பவர் அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விமானம் இரவில்தான். பெட்டிகளை மெரினாவில் வைத்துவிட்டு, ஊருக்குப் போய் பச்சை பஸ் பிடித்து பாலியோகாஸ்ட்ரிட்சா போனோம். மதியக் காற்று எழும்பியிருந்தது. மேலே சாலையோரக் காப்பிக் கடையில் உட்கார்ந்து, கீழே வெளுத்து உடைகிற அலையை நண்பர் வெகுநேரம் பார்த்தார். அப்புறம், "அடுத்த வருஷம் லெஃப்கடா தீவுப் பக்கம் போலாமா?" என்றார். அக்கா நெய் கொண்டுபோக வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.