பயந்த வண்டி, மூர்க்க வண்டி

பள்ளிக்கூடத்தில் ரோபோ கழகம் தொடங்குவோம் என்றால் முதலில் வரும் கேள்வி "ஆர்டுயினோ எத்தனை வேணும்?" என்பதுதான். ரோபோவுக்கு மூளையாக வைக்கும் சிறு கணினிப் பலகைதான் ஆர்டுயினோ. ஒன்றும் வேண்டாம். முதல் ரோபோவுக்கு மூளையே தேவையில்லை.

1948, 49 காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வோல்ட்டர் செய்த 'ஆமை' ரோபோக்கள் இரண்டே ரேடியோ வால்வுகளை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடிப் போயின. 1984இல் மூளை ஆய்வாளர் பிரைற்றன்பேர்க் கற்பனை வண்டிகளைக் கொண்டு இதை இன்னும் சுருக்கினார்: இரண்டு ஒளி உணரி, இரண்டு மோட்டார். வயரை நேராக, ஒவ்வொரு உணரியிலிருந்தும் அதே பக்கத்து மோட்டாருக்குக் கொடுத்தால் வண்டி வெளிச்சத்தைக் கண்டு விலகி ஓடும். எதிர்ப் பக்கத்து மோட்டாருக்கு மாறிக் கொடுத்தால் அதன்மேல் பாயும். முதலாவதற்குப் பயம், இரண்டாவதற்கு மூர்க்கம் என்று பெயரும் வைத்தார். படத்து ரோபோவின் கோபத்தை வாய்பிளந்து பார்க்கும் பிள்ளை, அந்தக் கோபத்தைத் தன் கையாலேயே கழற்றி மாற்றிப் பூட்டலாம்.

ஒரு பக்கத்துக்கு வேண்டியவை: ஒளியுணர் தடையி ஒன்று, 1 கிலோ ஓம் தடையி, 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி அளவு மாற்றும் தடையி), ரி.ஐ.பி. 122 திரான்சிற்றர், 1என்4007 இருவாயி (டயோட்), 104 என்று எழுதிய கொள்ளளவி, மஞ்சள் கியர் மோட்டார். இதேபோல் மற்றப் பக்கத்துக்கும். மின்சாரத்துக்கு நாலு பென்ரோச் பற்றரி. வவுனியா பஜாரில் கிடைக்காதது யாழ்ப்பாணத்தில் கிடைக்கும். பழைய விளையாட்டுக் கார் மோட்டாரும் சரி. ஆனால் காணியில், பற்றையில் கிடந்து எடுத்த இரும்பு, வயர், பற்றரி எதுவும் வேண்டவே வேண்டாம், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். வன்னியில் இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டும்.

பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒளியுணர் தடையி, அதிலிருந்து 1 கிலோ ஓம், அதிலிருந்து திரான்சிற்றரின் அடிவாய் (base). அடிவாய்க்கும் மறை முனைக்கும் நடுவே பிரீசெட். மோட்டாரின் ஒரு நுனி நேர் முனைக்கு, மற்றது சேகரிப்பானுக்கு (collector). காலி (emitter) மறை முனைக்கு. திரான்சிற்றரின் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் இடமிருந்து வலமாக அடிவாய், சேகரிப்பான், காலி. கொள்ளளவியும் இருவாயியும் மோட்டாரின் இரு நுனிக்கும் குறுக்கே. இருவாயியின் வெள்ளைக் கோடு நேர் முனைப் பக்கம். திருப்பிப் போட்டால் மோட்டார் அசையாது, இருவாயி சுடும்.

அதிகம் பிழைக்கும் இடம் திரான்சிற்றரின் உலோக முதுகு. அதுவும் சேகரிப்பான்தான். இரண்டு முதுகும் முட்டினால் இரண்டு மோட்டாரும் சேர்ந்தே ஓடும், வண்டி திரும்பவே திரும்பாது. பிள்ளைகள் உணரியை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப் போவார்கள்.

9 வோல்ற் பெட்டிப் பற்றரியை வாங்காதீர்கள். மோட்டார் மின்னோட்டத்தை இழுத்ததும் அதன் வோல்ற்றளவு விழுந்துவிடும். திரான்சிற்றரே ஏறக்குறைய 1 வோல்ற்றைத் தின்றுவிடுவதால் நாலும் சேர்ந்து 4.8 வோல்ற் தரும் சார்ஜ் பற்றரிகளில் வண்டி சோம்பலாக ஓடும், ஆனால் ஓடும்.

உணரிகளை முன்பக்கம் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில், வெளிப்புறமாகச் சரித்து, கறுப்பு ரேப் சுற்றிய ஸ்ட்ரோத் துண்டுக்குள் வையுங்கள். குழாய் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே அளவு வெளிச்சத்தையே காணும். மத்தியான வெயிலில் குழாயும் உதவாது. கிளிநொச்சி வெயில் விறாந்தைச் சுவரில் பட்டுத் தெறித்து எல்லாப் பக்கமும் நிரம்பியிருக்கும். யன்னலைச் சாத்திய அறையில், மோட்டார் ஓடாமல் ஓடுவதற்குச் சற்று முன் நிற்கும்படி பிரீசெட்டைத் திருகிவிட்டு ரோச் லைற்றை அடியுங்கள். மோட்டார் சுழலாமல் கீச்சிட்டால் உடனே கீச்சு நிற்கும்வரை இன்னும் திருகுங்கள். அந்த நிலையில் விட்டால் திரான்சிற்றர் கொதிக்கும். ஓட்டுவது சீமெந்துத் தரையில். கிரவல் புழுதி வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு உருளைக்குள் போனால் வண்டி ஒரே பக்கமாக வட்டம் போடும், வயரிங் பிழை என்று நினைப்பீர்கள்.

இரண்டு மோட்டாரின் இணைப்பையும் இடம் வலம் மாற்றினால் பயந்த வண்டி மூர்க்கமாகிவிடும். அடுத்து ஒளியுணர் தடையியையும் பிரீசெட்டையும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து, மோட்டார்களைப் பழையபடி நேராகக் கொடுங்கள். 1 கிலோ ஓம் இப்போது பிரீசெட்டோடு தொடராக இருக்கட்டும். இனி வெளிச்சம் பட்ட பக்கம் மெதுவாகும். வண்டி விளக்கை நோக்கித் திரும்பி, கிட்டப் போய், நின்றுவிடும். பிரைற்றன்பேர்க் அதற்கு வைத்த பெயர் காதல். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லும்போது சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் விடுங்கள்.