விதைக்குக் கட்டிய வீடு

இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. க்ராலியில் வீடு, வேலை, கடை என்று ஒரே வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தோம். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, புளிசாதம் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் வேக்ஹர்ஸ்ட் தோட்டத்துக்கு மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

1590இல் கட்டிய கல் மாளிகை நடுவில் நிற்கிறது. நேஷனல் டிரஸ்ட்டுக்குச் சொந்தமான இடம். 1965இலிருந்து லண்டன் கியூ தாவரவியல் பூங்கா குத்தகைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்கிறது. மாளிகையை விட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கினால் இருபுறமும் ரோடோடென்ட்ரான் பூத்துக் கிடக்கிறது. மகள் முன்னால் ஓடிவிட்டாள்.

1987 அக்டோபரில் ஒரே ராத்திரியில் அடித்த புயலில் இங்கே சுமார் 20,000 மரங்கள் சாய்ந்தன என்று தெரிந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் காலையில் தோப்பில் கிடந்த தென்னைகளை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. விழுந்த இடத்தில் இவர்கள் மறுபடி நட்டு வளர்த்த மரங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் விதை வங்கி, செடிகளின் விதைகளைக் கெடாமல் சேர்த்து வைக்கும் இடம். 2000இல் திறந்தது. வேலை நடப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். விதையை நன்றாக உலர்த்தி, எக்ஸ்ரேயில் பொக்கு எது என்று பார்த்து, மைனஸ் 20 டிகிரியில் நிலவறைக்குள் வைக்கிறார்கள். அவ்வப்போது கொஞ்சம் எடுத்து முளைக்க வைத்தும் பார்க்கிறார்கள். கத்தரி, கேழ்வரகு இவற்றின் காட்டு உறவுச் செடிகளையும் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அம்மா கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பரங்கி விதையைச் சாணத்தோடு சுவரில் அப்பி வைப்பதும் இதே வேலைதான். ஈரம் போனால் விதை கெடாமல் நிற்கும்.

ஆனால் தேங்காயை இப்படி வைக்க முடியாது. மா, பலாவும் அப்படித்தான். உலர்த்தினால் உயிர் போய்விடும். ராத்திரி போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"நெத்தை எப்படிடா வச்சிருக்கிறது? ஊனத்தான் வேணும்" என்றார்.

கஜாவுக்கு அப்புறம் அவர் ஊன்றிய கன்றுகளில் நாலு இந்த வருஷம் பாளை விட்டிருக்கிறதாம்.