விமானப்படை நேர்முகத்துக்காகப் போர் விமானங்களை நான் படித்த விதம்

ரேடாரின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் அது பார்க்கும் தூரம் எவ்வளவு கூடும்? முதல் முறை விமானப்படைத் தேர்வு வாரியத்துக்குப் போனபோது நேர்முகத்தில் கேட்ட கேள்வி இது. "இரண்டு மடங்கு சார்" என்று யோசிக்காமல் சொன்னேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ரேடார் சமன்பாட்டைக் கல்லூரிப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதற்குச் சற்று முன்புதான் ரஃபேல், சுகோய், தேஜஸ் மூன்றின் வேகம், எடை, பறக்கும் உயரம் எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்திருந்தேன்.

அந்த முறை தேர்வாகவில்லை. தேர்வு நடக்கும் ஐந்து நாளும் அவர்கள் பார்ப்பது ஆளுமையைத்தான், அதனால் இந்த ஒரு பதிலால் போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வந்த ரயிலில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது இதுதான். ஊருக்கு வந்ததும் எண்கள் எழுதிவைத்த நோட்டை எடுத்து வைத்துவிட்டு, "ஏன்" என்று மட்டும் கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தக் கேள்வியையே எடுத்தேன். ரேடார் அலை போகும்போது தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேய்கிறது. எதிரி விமானத்தில் பட்டுத் திரும்பும்போது அதே அளவு மறுபடியும் தேய்கிறது. போக ஒரு இருமடி, வர ஒரு இருமடி, மொத்தம் நான்காம் அடுக்கு. ஆக, 100 கிலோமீட்டர் பார்க்கும் ரேடாருக்கு இரண்டு மடங்கு சக்தி கொடுத்தால் சுமார் 119 கிலோமீட்டர்தான் பார்க்கும். 200 பார்க்க வேண்டுமானால் 16 மடங்கு வேண்டும். இதையே திருப்பிப் போட்டால் ஸ்டெல்த், அதாவது ரேடார் கண்ணில் படாமல் தப்பும் நுட்பம், புரிந்துவிடும். விமானம் எதிரொலிக்கும் அளவைப் பாதியாக்கினால் பெரிய பயன் இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒன்றாகும். அமெரிக்காவின் எஃப்-22, எஃப்-35 ஸ்டெல்த் விமானங்கள் ஏவுகணைகளை வயிற்றுக்குள் ஒளித்துவைக்க ஏன் அவ்வளவு பாடுபடுகின்றன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எழுத்துத் தேர்வான ஏஎஃப்கேட்டுக்கு இந்த ஆழம் தேவையில்லை. 100 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் போகும். கணக்கிலும் ஆங்கிலத்திலும் கை வேகமாக இருந்தால் போதும், பாதுகாப்புத் துறைக் கேள்விகளை நடப்புச் செய்திகளை வைத்தே சமாளிக்கலாம். விமானங்களைப் பற்றிய அறிவு உதவுவது நேர்முகத்தில்தான்.

அதற்கு ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேஜஸை எடுத்தேன், காரணம் கோவை பக்கத்துச் சூலூர் விமானப்படைத் தளம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் போகும் விமானம் அது. தேஜஸின் 45ஆம் அணியும் (ஸ்குவாட்ரன்) 18ஆம் அணியும் அங்கேதான் இருந்து பறந்தன. வால் பக்கம் கிடைமட்டச் சிறகு இல்லாத முக்கோண இறக்கை கீழிருந்தே தெளிவாகத் தெரியும். ஏன் அப்படி என்று தேடியபோது, அது வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்டது என்று தெரிந்தது. மூக்கு கொஞ்சம் மேலே போனால் இன்னும் மேலே போகப் பார்க்கும் சுபாவம் அதற்கு. அதனால் சட்டென்று திரும்ப முடிகிறது. ஆனால் மனிதக் கையால் மட்டும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, கணினி நொடிக்குப் பல முறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணினிக் கட்டுப்பாட்டில் ஒரு தடம் பழுதானாலும் விமானம் விழாமல் இருக்க, ஒரே வேலையைச் செய்யும் நான்கு தடங்கள் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு "ஏன்" எனக்கு இறக்கை, கணினி, பாதுகாப்பு மூன்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது சுகோய்-30. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் அந்த விமானங்களின் 222ஆம் அணி தொடங்கப்பட்டது. சுமார் இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைத் தூக்க இரட்டை எஞ்சின் பெரிய விமானம் வேண்டும், அதைத் தஞ்சாவூரில் நிறுத்தினால் இந்தியப் பெருங்கடலைக் காக்கலாம். வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள், ஒரு பதிலில் ஆயுதமும் புவியியலும் சேர்ந்துவிடும்.

மின்னணுப் போர், அதாவது எதிரியின் ரேடாரை ஏமாற்றும் கலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாஃப் என்பது ரேடாரைக் குழப்ப விமானம் கொட்டும், அலுமினியம் பூசிய மெல்லிய இழைகளின் மேகம். சமையலறையிலிருந்து அலுமினிய ஃபாயிலை எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லியதாக நறுக்கி நோட்டில் ஒட்டிவைத்தேன். ஏன் ஒன்றரை? போர் விமான ரேடார்கள் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. அலைநீளம் 3 சென்டிமீட்டர், அதில் பாதி நீளமுள்ள இழை நன்றாக எதிரொலிக்கும். ஆனால் சாஃப் காற்றில் கொட்டியதும் வேகத்தை இழந்துவிடும். நெருங்கும், விலகும் வேகத்தை வைத்துப் பிரித்தறியும் டாப்ளர் ரேடார் அதைத் தரையின் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். அதனால் விமானி அந்த நேரத்தில் ரேடார் கதிருக்குக் குறுக்காகத் திரும்புகிறார். அப்போது அவருடைய விமானமும் ரேடாரை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. ரேடாருக்கு அதுவும் தரையோடு தரையாகத் தெரியும். இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

ஏவுகணைகளில் ஒரு எச்சரிக்கை. "இவ்வளவு கிலோமீட்டர்" என்று ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள். உயரத்தில் நேருக்கு நேர் வரும் விமானத்தின் மீது ஏவும்போது கிடைக்கும் தூரமும், தாழ்வாக ஓடும் விமானத்தைப் பின்னால் துரத்தும்போது கிடைக்கும் தூரமும் ஒன்றல்ல. விமானத்திலிருந்து விமானத்தைத் தாக்கும் நம் அஸ்திரா போன்ற ஏவுகணை பாதி வழிக்கு மேல் தாய் விமானம் அனுப்பும் தகவலை நம்பிப் போய், கடைசிக் கட்டத்தில்தான் தன் ரேடாரை இயக்கும், காரணம் அந்தச் சின்ன மூக்குக்குள் அடங்கும் ஆன்டெனா வெகுதூரம் பார்க்காது. ரஃபேல் சுமக்கும் மீட்டியார் ஏவுகணையில் ராம்ஜெட் எஞ்சின். சாதாரண ராக்கெட் சில நொடிகளில் எரிந்து முடிந்து, பிறகு வெறும் வேகத்தில் மிதந்து போகும். ராம்ஜெட் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் கடைசி வரை உந்தலாம், தப்பிக்கப் பார்க்கும் விமானத்துக்கு இடம் சுருங்கிவிடும்.

செய்திகளையும் விடாதீர்கள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 ஓய்வு பெற்றது. அதே மாதம் தேஜஸின் மேம்பட்ட வகையான மார்க்-1ஏ விமானங்கள் 97க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் வாங்க ஒப்புக்கொண்டது 83. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, விமானப்படை அணிகளின் எண்ணிக்கை குறைவது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

இரண்டாம் முறை நேர்முகத்தில் தேஜஸைப் பற்றிக் கேட்டார்கள். நிலையற்ற வடிவமைப்பில் ஆரம்பித்தேன். கேள்வி கேட்ட அதிகாரி நான்கு தடங்களுக்குப் போனார், அங்கிருந்து ரேடாருக்கு வந்தார், பல சிறு ஆன்டெனாக்கள் கொண்ட ஏசா வகை ரேடாரில் ஒவ்வொன்றுக்கும் தனி டிரான்ஸ்மிட்டர் இருப்பதால் சில பழுதானாலும் மொத்தமும் நிற்காது என்றேன். அந்தச் சிறு டிரான்ஸ்மிட்டர்களை எப்படிக் குளிர்விப்பார்கள் என்று கேட்டார். திரவத்தால் என்றேன். எந்தத் திரவம்?

"தெரியவில்லை சார், படித்துக்கொள்கிறேன்" என்றேன். தலையசைத்துவிட்டு என் அம்மாவைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அந்த முறை பரிந்துரைப் பட்டியலில் என் மார்பு எண்ணும் (தேர்வின்போது நெஞ்சில் அணியும் எண்) இருந்தது.